ஒரு மாநிலம் மத்திய அரசின் சட்டத்தை ரத்து செய்த கதை

1832 நவம்பர் 24. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத் தலைநகர் கொலம்பியாவில் ஒரு மாநாடு கூடியிருந்தது. 136 பேர் ஆதரவு, 26 பேர் எதிர்ப்பு என்ற கணக்கில் அங்கே ஒரு தீர்மானம் நிறைவேறியது. அமெரிக்க காங்கிரஸ் (அங்கே நாடாளுமன்றத்துக்கு அதுதான் பெயர், நம்மூர் கட்சி இல்லை!) 1828லும் 1832லும் கொண்டு வந்த இறக்குமதி வரிச் சட்டங்கள் இரண்டும் இந்த மாநிலத்தில் செல்லாது. 1833 பிப்ரவரி 1 முதல் இங்கே யாரும் அந்த வரியைக் கட்ட வேண்டாம். இது தொடர்பான வழக்கை நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டு போகவும் கூடாது. மத்திய அரசு படை பலத்தைக் காட்டினால் அமெரிக்காவை விட்டே விலகி விடுவோம்.

ஒரு நாட்டுக்குள் இருக்கும் ஒரு மாநிலம், அந்த நாட்டின் சட்டத்தைப் பார்த்து "இது எங்கள் எல்லைக்குள் செல்லாது" என்று சொல்ல முடியுமா? இன்று இந்தக் கேள்வியே விசித்திரமாகத் தெரியும். ஆனால் 1832இல் அமெரிக்காவின் மிகப் பெரிய மூளைகளில் சில, முடியும் என்று மனதார நம்பின. அதற்குக் காரணம் இருந்தது.

பிரிட்டனிடமிருந்து பிரிந்த 13 மாநிலங்களும் முதலில் வைத்துக்கொண்ட ஏற்பாடு ரொம்பத் தளர்வானது. 1781இல் நடைமுறைக்கு வந்த கூட்டமைப்பு ஒப்பந்தத்தின்படி மத்தியில் ஒரு காங்கிரஸ் உண்டு, ஆனால் வரி போடும் அதிகாரம் அதற்குக் கிடையாது. மாநிலங்களிடம் பணம் கேட்கலாம், அவ்வளவுதான். கொடுப்பதும் கொடுக்காததும் அவர்கள் இஷ்டம். ஒப்பந்தத்தைத் திருத்த வேண்டுமானால் 13 பேரும் சம்மதிக்க வேண்டும். போர்க் கடனை அடைக்க 5% இறக்குமதி வரி போடலாம் என்று காங்கிரஸ் கேட்டபோது, மிகச் சிறிய மாநிலமான ரோட் ஐலண்ட் 1782இல் முடியாது என்றது. கதை முடிந்தது. இன்னொரு பக்கம் மாநிலங்கள் ஒன்றின் சரக்குக்கு இன்னொன்று வரி போட்டன. நியூயார்க்குக்கும் பிலடெல்பியாவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட நியூ ஜெர்சியை, இரண்டு பக்கமும் துளை போட்ட பீப்பாய் போன்றது என்று ஜேம்ஸ் மேடிசன் எழுதி வைத்திருக்கிறார். இரண்டு துறைமுகங்களும் அதன் பணத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தன.

1787இல் பிலடெல்பியாவில் எழுதப்பட்ட அரசியல் சாசனம் இதைத்தான் சரி செய்தது. இறக்குமதி வரி போடும் அதிகாரம் மத்திக்குப் போனது. அந்த வரி நாடு முழுக்க ஒரே சீராக இருக்க வேண்டும் என்றும் எழுதினார்கள். காங்கிரஸின் சம்மதம் இல்லாமல் மாநிலங்கள் இறக்குமதி வரி போடக் கூடாது. மத்தியச் சட்டமே நாட்டின் உச்சச் சட்டம் என்றும் ஒரு விதி சேர்ந்தது. பிறகு 1791இல் வந்த 10வது திருத்தம், மத்திக்குக் கொடுக்கப்படாத அதிகாரங்கள் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியவை என்றது.

எல்லாம் சரி. மத்தி தன் எல்லையைத் தாண்டிவிட்டது என்று ஒரு மாநிலம் நினைத்தால், தாண்டியதா இல்லையா என்று தீர்ப்பு சொல்வது யார்? சாசனம் இதை நேரடியாக, ஒரே வரியில் சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் அடுத்த எழுபது வருடச் சண்டை முழுவதும் நடந்தது.

முதலில் இதில் கை வைத்தவர் சாதாரண ஆள் இல்லை, தாமஸ் ஜெபர்சன். 1798இல் அரசை விமர்சிப்பவர்களைச் சிறையில் தள்ள வழி செய்யும் ஒரு சட்டம் வந்தது. அப்போது ஜெபர்சன் துணை ஜனாதிபதி. தன் பெயரை மறைத்துக்கொண்டு கென்டகி சட்டமன்றத்துக்குத் தீர்மானம் எழுதிக் கொடுத்தார். மேடிசனும் அதே மாதிரி ரகசியமாக வர்ஜீனியாவுக்கு எழுதினார். சாசனம் என்பது மாநிலங்கள் செய்துகொண்ட உடன்படிக்கை, மீறல் நடந்தால் மாநிலங்கள் எதிர்க்கலாம் என்பது சாரம். 1814இல் பிரிட்டனோடு நடந்த போரில் வியாபாரம் படுத்துப்போன நியூ இங்கிலாந்து மாநிலங்கள் ஹார்ட்ஃபோர்டில் கூடி ஏறக்குறைய அதே பாட்டைப் பாடின. அப்போது தெற்கத்திக்காரர்கள் அதைத் துரோகம் என்றார்கள். மத்தியில் தோற்றவர்களுக்கெல்லாம் மாநில உரிமை திடீரென்று ஞாபகம் வருவது அப்போதே தொடங்கிவிட்டது போலிருக்கிறது.

சரி, தென் கரோலினாவுக்கு என்ன கோபம்?

வடக்கு மாநிலங்களில் அப்போதுதான் தொழிற்சாலைகள் முளைத்துக்கொண்டிருந்தன. பிரிட்டிஷ் துணியும் இரும்பும் மலிவாக வந்து இறங்கினால் அவை பிழைக்க முடியாது. எனவே இறக்குமதி வரியை ஏற்று என்று வடக்கு கேட்டது. தெற்கு பருத்தியை பிரிட்டனுக்கு விற்று, அந்தப் பணத்தில் பொருட்களை வாங்கி வாழ்ந்தது. வரி ஏறினால் வாங்கும் பொருள் விலை ஏறும், பிரிட்டனின் விற்பனை குறைந்தால் அது பருத்தி வாங்குவதும் குறையும். 1816, 1824 என்று வரி ஏறிக்கொண்டே வந்தது. 1828இல் வந்த சட்டம் உச்சம். அதில் ஒரு வேடிக்கை உண்டு. கச்சாப் பொருட்களுக்கும் கன்னாபின்னாவென்று வரி போட்டு வைத்தால் நியூ இங்கிலாந்துக்காரர்களே எதிர்த்து ஓட்டுப் போட்டு மசோதாவைக் கவிழ்த்து விடுவார்கள் என்று தெற்கு உறுப்பினர்கள் கணக்குப் போட்டார்கள். கணக்கு தப்பியது, மசோதா நிறைவேறிவிட்டது! தெற்கே அதற்கு "அருவருப்பு வரி" என்று பெயர் வைத்தார்கள்.

தென் கரோலினாவின் ஜார்ஜ் மெக்டஃபி என்ற உறுப்பினர் இதற்கு ஒரு கணக்கு சொன்னார். வரி 40% என்றால், விவசாயி விளைவிக்கும் ஒவ்வொரு 100 மூட்டைப் பருத்தியிலும் 40 மூட்டையை வடக்கு முதலாளி தூக்கிக்கொண்டு போகிறான் என்று அர்த்தமாம். மேடையில் பேச அருமையான கணக்கு. வணிகவியல் முதலாண்டு மாணவன்கூட இதில் ஓட்டை கண்டுபிடித்துவிடுவான். வரியின் சுமை எல்லா மாநில நுகர்வோருக்கும் பரவுகிறது, மொத்தமும் பருத்தி விவசாயியின் தலையில் விழுவதில்லை. பருத்தி விலை சரிந்ததற்கு 1819 நெருக்கடியும், அலபாமா, மிசிசிப்பியின் வளமான புது நிலங்களில் விளைந்து குவிந்த பருத்தியும் பெரிய காரணங்கள். தென் கரோலினாவின் பழைய மண் அவற்றோடு போட்டி போட முடியவில்லை. ஆனால் கடனில் இருப்பவனிடம் போய் உலகச் சந்தையை விளக்க முடியுமா? எதிரி யார் என்று விரல் நீட்டிக் காட்டுகிற கணக்குதான் எடுபடும்.

இந்தக் கோபத்துக்குச் சட்ட வடிவம் கொடுத்தவர் ஜான் கால்ஹூன். 1816இல் இதே பாதுகாப்பு வரியை ஆதரித்துப் பேசியவர். 1828இல் அவர் துணை ஜனாதிபதி, ஜெபர்சனைப் போலவே! அவரைப் போலவே பெயர் போடாமல் தன் மாநிலச் சட்டமன்றத்துக்கு ஒரு நீண்ட அறிக்கை எழுதிக் கொடுத்தார். அவர் வாதம் இதுதான். சாசனத்தை ஏற்றுக்கொண்டது தனித்தனி மாநிலங்களின் மாநாடுகள். எனவே அதே மாதிரி ஒரு மாநாட்டைக் கூட்டி, ஒரு மத்தியச் சட்டம் சாசனத்துக்கு விரோதமானது என்று ஒரு மாநிலம் அறிவிக்கலாம். அறிவித்தால் அந்த மாநிலத்தில் சட்டம் நின்றுவிடும். மற்றவர்களுக்கு அந்த அதிகாரம் வேண்டும் என்றால், நான்கில் மூன்று பங்கு மாநிலங்கள் சேர்ந்து சாசனத்தைத் திருத்தி மத்திக்குக் கொடுக்கட்டும்.

1832இல் மொத்தம் 24 மாநிலங்கள். நான்கில் மூன்று என்றால் 18. ஆக, ஒரு மாநிலம் ரத்து செய்து, அதையும் சேர்த்து 7 மாநிலங்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றால், மீதி 17 மாநிலங்களின் சட்டம் அங்கே காலி. பெரும்பான்மை நினைத்ததையெல்லாம் செய்யக் கூடாது, சிறுபான்மைக்கு ஒரு தடுப்பு வேண்டும் என்ற கால்ஹூனின் கவலையை லேசாக ஒதுக்க முடியாது. எல்லாக் கூட்டாட்சிகளிலும் அந்தக் கவலை இருக்கிறது. ஆனால் அவர் யாரைச் சிறுபான்மை என்றார் என்பதைப் பார்க்க வேண்டும்.

அன்றைய தென் கரோலினா மக்களில் பாதிக்கு மேல் அடிமைகள். அந்த மாநிலத்தின் உண்மையான பெரும்பான்மை அவர்கள்தான், அவர்களுக்கு ஓட்டு இல்லை, உடம்புகூடச் சொந்தமில்லை. 1822இல் சார்ல்ஸ்டன் நகரில் டென்மார்க் வீசி என்ற சுதந்திரக் கறுப்பினத்தவர் அடிமைகளைத் திரட்டி எழுச்சிக்குத் திட்டமிட்டார் என்று குற்றம் சாட்டப்பட்டு, அவரும் இன்னும் பலரும் தூக்கிலிடப்பட்டார்கள். பீதியில் மாநிலம் ஒரு சட்டம் போட்டது. துறைமுகத்துக்கு வரும் எந்தக் கப்பலிலும் சுதந்திரமான கறுப்பின மாலுமி இருந்தால், கப்பல் கிளம்பும் வரை அவரைச் சிறையில் அடைக்க வேண்டும். செலவைக் கப்பல் கேப்டன் கட்ட வேண்டும். பிரிட்டன் எதிர்த்தது. 1823இல் உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் ஜான்சன் (அவரும் தென் கரோலினாக்காரர்தான்) இது செல்லாது, வெளிநாட்டு வணிகம் மத்தியின் அதிகாரம் என்று சொன்னார். மாநிலம் கண்டுகொள்ளவே இல்லை. சட்டம் தொடர்ந்து நடந்தது.

உண்மையில் முதல் ரத்து இதுதான். ஊர்வலம் இல்லை, மாநாடு இல்லை, தத்துவமும் இல்லை. ஆனால் மத்தியை மீறினால் ஒன்றும் ஆகாது என்ற பாடத்தை சார்ல்ஸ்டன் இங்கே படித்துக்கொண்டது. 1830இல் கால்ஹூனே ஒரு கடிதத்தில், வரி என்பது சந்தர்ப்பம்தான், உண்மையான காரணம் தெற்கின் "தனிப்பட்ட ஏற்பாடு" என்ற பொருளில் எழுதினார். அந்த ஏற்பாடு என்றால் அடிமை முறை. இன்று வரி போடும் அதிகாரத்தை மத்திக்கு விட்டுக்கொடுத்தால், நாளை அடிமை முறையில் கை வைப்பார்கள் என்பதே அடிவயிற்றுப் பயம்.

இப்போது மறுபக்கம். ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன், 20 டாலர் நோட்டில் இருப்பவர். தெற்கத்திக்காரர், பண்ணையார், அடிமைகள் வைத்திருந்தவர், மாநில உரிமைக்காரர் என்று பெயர் எடுத்தவர். நம்ம ஆள்தானே என்று ரத்துக்காரர்கள் நினைத்தார்கள். 1830 ஏப்ரலில் ஜெபர்சன் பிறந்தநாள் விருந்தில் ஜாக்சன் எழுந்து, நம் ஒன்றியம் காக்கப்பட்டே ஆக வேண்டும் என்று கோப்பையை உயர்த்தினார். கால்ஹூன் உடனே, ஒன்றியம் பிரியமானதுதான், ஆனால் சுதந்திரத்துக்கு அடுத்தபடியாக என்று பதில் சொன்னார். விருந்து மேசையிலேயே கோடு கிழிந்துவிட்டது.

1832 டிசம்பர் 10இல் ஜாக்சன் ஒரு பிரகடனம் வெளியிட்டார். வரைவு எழுதியவர் வெளியுறவு அமைச்சர் எட்வர்ட் லிவிங்ஸ்டன். ஒன்றியத்தில் இருந்துகொண்டே அதன் சட்டத்தை ரத்து செய்வது சாசனத்தின் எழுத்துக்கும் உணர்வுக்கும் எதிரானது, ஆயுதம் ஏந்திப் பிரிவது தேசத் துரோகம் என்றார். அதில் ஒரு வாதம் அபாரமானது. வரி நாடு முழுக்க ஒரே சீராக இருக்க வேண்டும் என்பது சாசன விதி. சார்ல்ஸ்டனில் வரி இல்லை என்றால் வேறெங்கும் வசூலிக்க முடியாது. யோசித்துப் பாருங்கள், ஒரு துறைமுகத்தில் மட்டும் வரி பூஜ்யம் என்றால் எந்த வியாபாரி நியூயார்க்கில் சரக்கை இறக்குவான்? அன்றைய மத்திய அரசின் வருமானத்தில் மிகப் பெரும்பகுதி இறக்குமதி வரிதான். ஒரு மாநிலத்தின் ரத்து, மொத்த அரசாங்கத்தின் கஜானாவையே காலி செய்யும்.

ஆக, தத்துவச் சண்டை கடைசியில் வந்து நின்ற இடம் சார்ல்ஸ்டன் சுங்க அலுவலகம். ரத்துக்காரர்களின் திட்டம் புத்திசாலித்தனமானது. அந்தக் காலத்தில் இறக்குமதியாளர் வரியை உடனே ரொக்கமாகக் கட்டத் தேவையில்லை. பிறகு கட்டுகிறேன் என்று பாண்டு எழுதிக் கொடுத்துவிட்டுச் சரக்கை எடுத்துப் போகலாம். தவணை வந்ததும் கட்ட மறுக்க வேண்டியது. அரசு வழக்குப் போட்டால், ரத்துத் தீர்மானத்தைக் காப்பதாகச் சத்தியம் செய்த உள்ளூர் ஜூரிகள் வியாபாரி பக்கம் தீர்ப்புச் சொல்வார்கள். துப்பாக்கி தேவையில்லை, ஒரு நீதிமன்ற அறை போதும். மத்திய அரசு படையை அனுப்பினால் முதல் அடி அடித்தது அதுவாகிவிடும்.

ஜாக்சன் தரப்பு இதை முறித்த விதம் இன்னும் புத்திசாலித்தனமானது. தளபதி வின்ஃபீல்ட் ஸ்காட்டை அனுப்பித் துறைமுகக் கோட்டைகளைப் பலப்படுத்தினார். 1833 ஜனவரியில் காங்கிரஸிடம் ஒரு மசோதா கேட்டார். தேவைப்பட்டால் சுங்க அலுவலகத்தை நகரத்திலிருந்து பாதுகாப்பான இடத்துக்கோ ஒரு கப்பலுக்கோ மாற்றலாம். சரக்கு இறங்குவதற்கு முன்பே வரியை ரொக்கமாகக் கட்ட வேண்டும், கட்டாத வரை கப்பலும் சரக்கும் பிடித்து வைக்கப்படும். பாண்டு இல்லை, எனவே வழக்கு இல்லை, எனவே உள்ளூர் ஜூரியும் இல்லை! இப்போது சரக்கை மீட்க வேண்டுமானால் ரத்துக்காரர்கள்தான் ஆயுதத்தோடு வர வேண்டும். எதிரிகள் இதை "இரத்தச் சட்டம்" என்று திட்டினார்கள். செனட்டில் இறுதி வாக்கெடுப்பில் 32க்கு 1. எதிர்த்த அந்த ஒருவர், பிற்காலத்தில் ஜனாதிபதியான ஜான் டைலர். கால்ஹூன் அதற்குள் துணை ஜனாதிபதி பதவியை ராஜினாமா செய்துவிட்டு செனட்டுக்கு வந்திருந்தார். அவரும் மற்ற எதிர்ப்பாளர்களும் வாக்களிக்காமல் வெளியேறிவிட்டார்கள்.

தென் கரோலினாவுக்கு இன்னொரு அடியும் விழுந்தது. ஒரு மாநிலம்கூடத் துணைக்கு வரவில்லை. எண்பது வயதைத் தாண்டிய மேடிசனே, 1798இல் நான் சொன்னது இது இல்லை என்று ஏற்கெனவே எழுதிவிட்டார். சேரக்கூடியது என்று பயந்தது பக்கத்து ஜார்ஜியா ஒன்றுதான். அந்தக் கதையைச் சொல்லாமல் விட்டால் ஜாக்சன் பெரிய சாசனக் காவலர் மாதிரி ஆகிவிடுவார்.

செரோக்கீ பழங்குடியினரின் நிலத்தில் ஜார்ஜியா தன் சட்டத்தைத் திணித்தது. அதை எதிர்த்த சாமுவேல் வொர்செஸ்டர் உள்ளிட்ட இரண்டு பாதிரிமாரைக் கடுங்காவலில் தள்ளியது. 1832 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், செரோக்கீ நிலத்தில் ஜார்ஜியாவின் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஜார்ஜியா மதிக்கவில்லை. ஜாக்சனும் தீர்ப்பை அமல்படுத்த விரல் அசைக்கவில்லை. (தலைமை நீதிபதி தீர்ப்பு எழுதினார், அவரே அமல்படுத்தட்டும் என்று ஜாக்சன் சொன்னதாக ஒரு வசனம் பிரபலம். அது பல வருடங்கள் கழித்து வந்த கதை.) அதே ஆண்டு, அதே ஜனாதிபதி. ஒரு மாநிலம் வரிச் சட்டத்தை மீறியபோது துரோகம். இன்னொரு மாநிலம் உச்ச நீதிமன்றத்தையே மீறியபோது மௌனம். தென் கரோலினாவோடு ஜார்ஜியா சேர்ந்துவிடக் கூடாது என்பதற்காகத் திரைமறைவில் பேசி, 1833 ஜனவரியில் பாதிரிமார் மன்னிப்பில் விடுதலை ஆனார்கள். தீர்ப்பு காகிதமாகவே இருந்தது. 1838, 39இல் செரோக்கீகள் படை வைத்து மேற்கே துரத்தப்பட்டார்கள். முகாம்களிலும் வழியிலும் சுமார் 4,000 பேர் இறந்ததாகக் கணக்கிடுகிறார்கள். தென் கரோலினாவைத் தனிமைப்படுத்திய சாமர்த்தியத்தில் ஒரு பங்குக்கு அவர்களும் விலை கொடுத்திருக்கிறார்கள்.

வாஷிங்டனில் ஹென்றி க்ளே, கால்ஹூனோடு பேசி ஒரு சமரசம் கண்டுபிடித்தார். 20 சதவீதத்துக்கு மேலுள்ள வரிகள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து 1842இல் 20 சதவீதத்துக்கு வரும். 1833 மார்ச் 2இல் ஜாக்சன் வரிக் குறைப்பு, படைபலச் சட்டம் இரண்டிலும் ஒரே நாளில் கையெழுத்துப் போட்டார். தென் கரோலினா மாநாடு மறுபடி கூடி ரத்துத் தீர்மானத்தை வாபஸ் வாங்கியது. ரோஷத்துக்காக, இனித் தேவையே இல்லாத படைபலச் சட்டத்தை "ரத்து" செய்துவிட்டுக் கலைந்தது! இரு தரப்பும் ஜெயித்தோம் என்று வீட்டுக்குப் போனார்கள். வரி 20 சதவீதத்தைத் தொட்ட 1842 ஜூலைக்கு அடுத்த மாதமே காங்கிரஸ் மறுபடி ஏற்றிவிட்டது என்பது தனி சோகம்.

யார் தீர்ப்பு சொல்வது என்ற கேள்வி அப்படியே இருந்தது. வரி சாக்குதான், அடுத்த சாக்கு அடிமைப் பிரச்சினையாக இருக்கும் என்று ஜாக்சன் 1833 மே மாதமே ஒரு கடிதத்தில் எழுதினார். 1850இல் தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்று மத்தியச் சட்டம் வந்தபோது காட்சி தலைகீழானது. வடக்கே விஸ்கான்சின் மாநிலத்தின் உயர்மட்ட நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது. 1859இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் அதை அடித்து நொறுக்கியதும், விஸ்கான்சின் சட்டமன்றம் ஜெபர்சனின் பழைய கென்டகி வாசகங்களைத் தூசி தட்டி எடுத்தது. 1860 டிசம்பரில் ஒன்றியத்தை விட்டு விலகியபோது தென் கரோலினா வெளியிட்ட அறிவிப்பில் முக்கியமான புகார் என்ன தெரியுமா? வடக்கு மாநிலங்கள் மத்திய அரசின் சட்டத்தை மதிக்காமல் செல்லாததாக்குகின்றன என்பது!

இந்த வரலாற்றை நம்மவர்கள் கவனமாகப் படித்திருந்தார்கள். 1948 நவம்பர் 4இல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர், இந்தியாவை ஏன் "ஒன்றியம்" என்று எழுதியிருக்கிறோம் என்று விளக்கினார். மாநிலங்களுக்குப் பிரியும் உரிமை இல்லை என்பதை நிலைநாட்ட அமெரிக்கர்கள் ஓர் உள்நாட்டுப் போரே நடத்த வேண்டியிருந்தது, அதை முதலிலேயே தெளிவாக்கிவிடுவது நல்லது என்று வரைவுக் குழு நினைத்தது என்றார். எழுத்தில் தெளிவாக்கினால் மத்திய மாநிலச் சண்டை ஓய்ந்துவிடுமா என்பது வேறு கதை.

1861இல் ஆபிரகாம் லிங்கன் தன் பதவியேற்பு உரையை எழுத உட்கார்ந்தபோது மேசையில் வைத்துக்கொண்ட சில ஆவணங்களில் ஒன்று ஜாக்சனின் 1832 பிரகடனம். மார்ச் 4ஆம் தேதி அவர் வாசித்த உரையில் பிரிந்து போன மாநிலங்களுக்குச் சொன்னது மிகக் கொஞ்சம். யார் மீதும் படையெடுக்க மாட்டோம், மத்திய அரசின் கோட்டைகளையும் சொத்துகளையும் வைத்துக்கொள்வோம், சுங்க வரியை வசூலிப்போம். ஐந்தரை வாரம் கழித்து, ஏப்ரல் 12 அதிகாலையில், சார்ல்ஸ்டன் துறைமுக வாயிலில் இருந்த சம்டர் கோட்டையை நோக்கி முதல் குண்டு பாய்ந்தது.